மணலில் எழுதிய விரல்

(கல்வியியல் கல்லூரி மாணவர்களிடையே, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பாடந்தோறும் தொழில்நுட்பம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மைக் இரண்டு முறை கூவி ஓய்ந்துவிட்டது. தொழில்நுட்பம் பற்றிப் பேச வந்தவனுக்கு இது நல்ல சகுனம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மரக்கூடு, இழுவைக் கதவு, பித்தளைப் பூட்டு. சாவி தலைமையாசிரியரின் பீரோவுக்குள். பீரோ சாவி அவர் இடுப்பில். நான் அங்கிருந்த காலம் முழுவதும் அதைத் திறந்து பார்த்தது இரண்டே முறை. ஒருமுறை ஒரு தலைவரின் இறுதி ஊர்வலம், இன்னொருமுறை கிரிக்கெட். பிறகு வேறு பள்ளிக்கு மாறுதலில் போனேன். அங்கே கணினி அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் பூப்போட்ட உறை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். கருவி உடைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயம் அந்த உறைக்குள் இருந்தது. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன்; இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் அன்றிலிருந்து, எந்தப் புதுக் கருவி பள்ளிக்கு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: சாவி யாரிடம்?

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பழைய பதில் ஒன்று உண்டு.

1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் அனாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். அந்தக் கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்றே சொல்வார்கள். அவர் பார்த்தது நம் திண்ணைப் பள்ளியைத்தான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் இல்லத்திலும் இதைச் செய்யலாமே என்று பெல் நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் 'நடக்காது' என்று கைவிரித்தார்கள். எல்லாக் காலத்திலும் நாம் அப்படித்தான். பெல் அவர்களை விட்டுவிட்டு ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்தார். அவன் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து சொல்லிக்கொடுத்தான். வேலை நடந்தது.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. அந்த மூத்த பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயரே வைத்திருந்தோம். பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. லண்டன் ஏழைப் பிள்ளைகள் மணல் பரப்பிய மேசையில் விரலால் எழுதினார்கள். பெல் விட்டுச்சென்ற பணத்தில் அவர் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் திறந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். வகுப்பறைத் தொழில்நுட்பம் மேற்கிலிருந்துதான் இறக்குமதியாகும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்த மணலில் என்ன இருந்தது? விலையில்லை, பூட்டில்லை, அழித்தால் தடமில்லை. முக்கியமானது, எழுதியது பிள்ளையின் விரல். பக்கத்தில் உட்கார்ந்து 'அடுத்து என்ன எழுத்து?' என்று கேட்க ஒருவன் இருந்தான். விரலும் கேள்வியும், இந்த இரண்டும்தான் என் பேச்சு முழுக்க.

பிறகு வந்த கருவிகளை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். 1975இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டு கடன் வாங்கி, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நேரடித் தொலைக்காட்சி கொடுத்தார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. நம் மாநிலம் அந்த ஆறில் இல்லை. 1984இல் மைய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எடுசாட் ஏறியது. தமிழகத்தில் 2011இல் விலையில்லா மடிக்கணினி, 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. கொரோனாவில் பள்ளி மூடியபோது அந்தத் தொலைக்காட்சி எத்தனையோ வீடுகளுக்குப் பள்ளியின் ஒரே நூலிழையாக இருந்தது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை. ஆனால் பெட்டியைப் பார்த்து 'சார், திரும்பச் சொல்லுங்க' என்று ஒரு பிள்ளையால் கேட்க முடியாது.

'சரி, கருவியைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாமே' என்பீர்கள். பெரு நாட்டில் கொடுத்தார்கள். பிள்ளைக்கொரு மடிக்கணினி என்று கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. கணினிப் புழக்கம் பலமடங்கு கூடியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. விரல் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

அந்தக் கேள்வி பாடத்துக்குப் பாடம் வேறு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே 'ஸ்மார்ட் போர்டு' என்று வாங்குகிறோமே, சமையலறை முழுவதற்கும் ஒரே கரண்டி வாங்குவது போலத்தான் அது.

என் பாடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் வரையச் சொல்கிறோம். பிள்ளை காம்பஸை ஊன்றி, இரண்டு பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு பீரியடு முடிந்துவிடும். காகிதத்தில் இருப்பது ஒரே ஒரு முக்கோணம். பெரும்பாலும் அது குறுங்கோண முக்கோணம், காகிதத்துக்குள் அடக்கமாக நிற்கும். அதனால் மையம் என்றாலே உள்ளேதான் இருக்கும் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கையைக் கரும்பலகையால் உடைக்க முடியாது, ஏனென்றால் கரும்பலகைப் படம் நகராது.

நகர்கிற கருவி ஒன்று இருக்கிறது: ஜியோஜீப்ரா. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கியது. பள்ளிகளுக்கு இலவசம். நம் கணிதப் பாடநூலிலேயே 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் வருகிறது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மையம் கூடவே நடக்கிறது. கோணம் செங்கோணமானதும் கர்ணத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. விரிகோணமானால் வேலி தாண்டி வெளியே போய்விடுகிறது. அதைப் பார்த்த வகுப்பில் எழுந்த கூச்சலை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒருநாள் சுற்றுவட்ட மையம், நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம் மூன்றையும் ஒரே படத்தில் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் இழுத்து விளையாடிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தாள். "சார், மூணு புள்ளியும் ஒரே கோட்டுல நிக்குது சார்." அது ஆய்லர் கண்டது, பதினெட்டாம் நூற்றாண்டுச் சமாச்சாரம், அவள் பாடநூலில் இல்லை. நான் பெயரைச் சொல்லவில்லை. "எப்பவுமேவா?" என்று மட்டும் கேட்டேன். இழுத்துப் பார்த்தாள். சமபக்க முக்கோணத்தில் மூன்றும் ஒன்றாகிப்போயின. "இப்ப கோடே இல்ல சார்" என்றாள். ஆயிரம் முக்கோணம் இழுத்தாலும் அது நிரூபணம் ஆகாது என்பதை அவளிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் பொறுத்தேன். அந்த ஒரு வாரம் அவளுக்குச் சொந்தமாக இருக்கட்டுமே!

இதே நான் காரணிப்படுத்தலைப் பவர்பாயிண்டில் நடத்திக் கெடுத்திருக்கிறேன். ஆறு படிகளும் பளிச்சென்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிழுந்தன. பிள்ளைகள் தலையாட்டினார்கள். மறுநாள் ஒருவருக்கும் வரவில்லை. சாக்பீஸ் எழுதும் வேகம் யோசிக்கும் வேகம். நடுவில் நான் நின்று தலையைச் சொறிவதும், தப்புப் போட்டு அழிப்பதும்கூடப் பாடம்தான். அந்தப் பாடம் ஸ்லைடில் கிடையாது.

அறிவியலுக்கு வருகிறேன். ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் நுரைக்கும் என்பதற்கு வீடியோ போடுகிறவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஐந்து ரூபாய் வேலை அது. பிள்ளையின் கையில் நுரைக்க வேண்டியதைத் திரையில் நுரைக்க வைக்காதீர்கள். ஆனால் அளவுக்குழாயில் நீரின் பிறைத்தளத்தை எப்படிப் பார்த்து அளவெடுப்பது என்பதை அறுபது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் காட்ட முடியுமா? எங்கள் வேதியியல் ஆசிரியை பிளாஸ்டிக் குழாயில் தாங்கி செய்து, தம் கைபேசியை அதில் மாட்டி, படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பினார். கடைசி பெஞ்சுக்கும் பிறைத்தளம் தெரிந்தது. இப்படிக் காட்டிவிட்டு, பிறகு ஒவ்வொருவராக வந்து எடுக்கச் சொன்னார்.

கைபேசி வெறும் கண் மட்டுமில்லை, அளவுகோலும்கூட. அதற்குள் முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி அந்த அளவுகளை வரைபடமாக்கிக் காட்டும். ஊஞ்சல் பலகையில் கைபேசியைக் கட்டி ஆட்டினோம். யாருடைய கைபேசி என்று கேட்கிறீர்களா? என்னுடையதுதான், வேறு யார் தருவார்கள்? வரைபடத்தில் ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு மேடுகள் வந்தன. "ஒரு தடவைதானே சார் ஆடிச்சு, ஏன் ரெண்டு?" என்று கேட்டான் ஒருவன். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அடிப்புள்ளியைக் கடக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க அரைமணி நேரம் பிடித்தது. ஆடியவன் ஒல்லியா குண்டா என்பது நேரத்தைப் பெரிதாக மாற்றவில்லை என்பதை ஒரு குண்டுப் பையன்தான் வெற்றியோடு அறிவித்தான்.

கண்ணுக்கே தெரியாதவற்றுக்கு, மின்னோட்டம், வாயு மூலக்கூறு போன்றவற்றுக்கு, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகங்கள் இருக்கின்றன. அங்கே திரைதான் சரியான இடம். உயிரியலுக்கு மின்சாரமே வேண்டாம். மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப், மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கி, ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலைப் பிள்ளை தன் கையால் உரித்து வைத்துப் பார்க்கலாம். இதைத் தொழில்நுட்பம் என்று எத்தனை பேர் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஆங்கிலப் பாடம் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. கேட்கவும் திரும்பக் கேட்கவும் ஒலிப்பதிவு உதவும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: நீளம் தாண்டும் பிள்ளையின் கால் பலகையை எங்கே மிதிக்கிறது என்பதை மெதுவோட்டத்தில் அவளுக்கே காட்டுங்கள்.

புவியியலில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூகுள் எர்த்தில் ஓர் இடத்தின் பழைய படங்களையும் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளமும் 2009 முதல் இருக்கிறது. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் உலக வரைபடத்தில் தொடங்கவில்லை. ஊர்க் கண்மாயில் தொடங்கினார். பிள்ளைகள் முதலில் தேடியது அவரவர் வீட்டு மொட்டைமாடியைத்தான், அது இயல்பு. பிறகு கண்மாயின் பரப்பு ஆண்டுக்காண்டு ஓரங்களில் சுருங்கியிருப்பதைக் கவனித்தார்கள். அவர் அந்தப் படத்தை அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார். எது வரத்துக் கால்வாய், எந்த மடை யார் வயலுக்கு, கலுங்கு எங்கே, மறுகால் எந்த ஊருக்குப் போகிறது? செயற்கைக்கோளுக்கு இடம் தெரியும், பெயர் தெரியாது. பெயர்கள் தாத்தா பாட்டியிடம் இருந்தன. திங்கட்கிழமை பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களில் பென்சிலால் எழுதிய பெயர்கள் நிறைந்திருந்தன. ஒரு தாளில், இப்போது கல்யாண மண்டபம் நிற்கிற இடத்தில், 'நடுமடை' என்று எழுதியிருந்தது. சென்னையில் வேலைக்குப் போகிறவர்கள் தியாகராய நகரைக் கொண்டு இதைச் செய்யுங்கள். 1920களில் நீண்ட ஏரியை வற்றவைத்து எழுப்பிய நகர் அது. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனிச் சொல்லப்போவதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் பார்வையில்லாத பிள்ளை ஒன்று இருக்கலாம். எனக்கு ஒருவன் இருந்தான். யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவனுக்குப் பாடம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் கணினியில் ஏறியதும் அவனே வாசிக்கத் தொடங்கினான். நமக்கு இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில் தமிழைக் கேட்பான். என் வினாத்தாளில் 'சராசரி' என்பதைச் 'சரசரி' என்று அடித்திருந்தேன். நாற்பது பேர் கண்ணால் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அவன் மட்டும், "சார், இலை சரசரக்குதா?" என்று கேட்டான்.

அவனுக்குக் கதவைச் சாத்துவதும் நாம்தான். குறிப்பைக் கையால் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது அவனுக்கு ஊமை. வினாத்தாளைப் பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடிக்கிறோம்; திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துகளின் உளறலாக வாசிக்கும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. நீங்கள் தட்டச்சுப் பழகும்போதே ஒருங்குறியில் பழகுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் ஒரு பிள்ளைக்கு அதுதான் வாசல்.

கடைசியாகத் தமிழ்ப் பாடம். தமிழாசிரியர்களுக்கும் கணினிக்கும் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் தமிழையா அதைப் பொய்யாக்கியவர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதிலிருந்து திருக்குறளை எடுத்து, வெறும் நோட்பேடில் திறந்து, பத்தாம் வகுப்பிடம் கொடுத்தார். அனிமேஷன் கிடையாது, இணையமும் வேண்டாம். "தமிழ் என்ற சொல் எத்தனை முறை வருகிறது, தேடுங்கள்." ஒருமுறைகூட இல்லை. வகுப்பே நம்பாமல் மீண்டும் மீண்டும் தேடியது.

அடுத்து, "மரம் தேடுங்கள்" என்றார். சில குறள்கள் வந்தன. "அவ்வளவுதானா? 78ஐப் பாருங்கள், 217ஐப் பாருங்கள், 1020ஐப் பாருங்கள். அங்கே மரம் இருக்கிறதே, கணினி ஏன் விட்டுவிட்டது?" பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். முதலாவதில் 'ம்' 'ந்' ஆகத் திரிந்து 'மரந்' என்று நிற்கிறது. இரண்டாவதில் அத்துச் சாரியை சேர்ந்து 'மரத்து' ஆகியிருக்கிறது. மூன்றாவதில் 'ம்' கெட்டு 'ப்' மிகுந்து 'மரப்பாவை'. புணர்ச்சி விதி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. விதி தெரியாததால் இயந்திரம் தோற்றது. விதி தெரிந்த பிள்ளை ஜெயித்தது.

இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. குறள் கேட்டால் சிலசமயம் இல்லாத குறளுக்கு எண்ணும் போட்டுத் தரும். தமிழையா அதையும் விடவில்லை. அது தந்ததை நோட்பேடில் தேடிச் சரிபார்ப்பது வெள்ளிக்கிழமை விளையாட்டாகிவிட்டது.

மரம் கதை முடியவில்லை. 'ம்' தொல்லை தருகிறதே என்று ஒரு பெண் வெறும் 'மர' என்று அடித்துத் தேடினாள். மரம் எல்லாம் வந்தது. அதோடு 'அமரர்' வந்தது, 'தாமரை'யும் வந்தது. அவளிடம் ஒரு போட்டித் தேர்வுக் கையேடு இருந்தது, அண்ணனுடையது. குறளில் வரும் மலர்கள் அனிச்சம், குவளை இரண்டே என்று அதில் போட்டிருந்தது. "ஐயா, 617லயும் 1103லயும் தாமரை இருக்கே?"

ஐயா கொஞ்சம் தடுமாறினார், பிறகு சமாளித்தார். "அம்மா, 617இல் தாமரையில் இருப்பவள் என்று திருமகளைச் சொல்கிறார். 1103இல் தாமரை போன்ற கண்ணுடையவன் என்று திருமாலைச் சொல்கிறார். பூவைப் பூவாகச் சொல்லவில்லை." அவள் விடவில்லை. "பூ இல்லாம அந்த அம்மா எதுமேல ஐயா உக்காந்திருக்காங்க?"

மணி அடித்துவிட்டது. மறுநாள் ஆசிரியர் அறையில் ஐயா அவள் நோட்டை என்னிடம் காட்டினார். 'குறளில் வரும் மலர்கள்: மூன்று. ஐயா கணக்கில் இரண்டு' என்று எழுதியிருந்தாள். ஐயா அதை அடிக்கவும் இல்லை, சரி போடவும் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'பேசலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.